ஆண்டவனுக்கு இரு மனமா?

எல்லா மக்களும் கடைத்தேறவேண்டும் என்று கடவுள் விரும்புகிறாரா? விரும்புகிறார் எனில், எல்லோரும் கடைத்தேறாதது ஏன்? விரும்பவில்லை எனில், அவரை அன்பின் வடிவம் என்று அழைப்பது எங்ஙனம்? விரும்பியும் முடியவில்லை எனில், எல்லாம் வல்லவர் என்ற விருது எதற்கு?

பள்ளிச் சிறுவனும் கேட்கக்கூடிய கேள்விகள்தாம் இவை. பல்கலைக் கழகப் பண்டிதரும் பதில் கூறித் தீர்க்க முடியாத கேள்விகளும் இவையே! இவற்றைக் கேட்ட காரணத்தால், ஐரோப்பாக் கண்டத்திலே ஊரை இழந்தோர் உண்டு. உத்தியோகத்தை இழந்தோர் உண்டு. சிறைக்கோட்டம் புகுந்தோர் உண்டு. அப்படிக் கேட்டவர்கள் கடவுளை மறுத்தவர்கள் அல்லர். கையிலே பைபிள் ஏந்தி, மண்டியிட்டு, மனமுருகித் தொழுதவர்கள். கடவுள்மீது கொண்ட காதலால்தான் கேட்டார்கள். அந்தக் காதலுக்குக் கிடைத்த பரிசு என்ன என்பதைக் காட்டும் ஏடுதான், கால்வினியம் என்னும் கோட்பாட்டின் நானூறு ஆண்டு வரலாறு.

வசை பாடுவதற்காக அந்த ஏட்டைப் புரட்டவில்லை நாம். வரலாறு கற்பிக்கும் பணியிலே உள்ள நமக்கு, ஆண்டும் பெயரும் சுட்டி, எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்காமல் எடுத்துரைப்பதே முறை. தீர்ப்பு கூறும் பொறுப்பு பிறகு வரட்டும்.

முரசும் பட்டியலும்

ஜான் கால்வின் 1509-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் நுவாயோன் நகரிலே பிறந்தவர். சட்டம் பயின்றவர். போப்பாண்டவரின் பிடியை உடைத்துக் கிளம்பிய சீர்திருத்தப் புயலிலே கலந்து, தாயகம் துறந்து, ஜெனீவா நகரைத் தன் களமாக்கிக் கொண்டவர். 1536-இல், இருபத்தேழு வயது நிரம்பு முன்பே, கிறித்தவ சமயத்தின் அடிப்படைகளை விளக்கும் நூலொன்றை வெளியிட்டார். ஆறே அத்தியாயங்களோடு பிறந்த அந்த நூல், 1559-இல் இறுதிப் பதிப்பு வெளிவந்தபோது எண்பது அத்தியாயங்களாக வளர்ந்திருந்தது. கூர்த்த மதி, கட்டுக்கோப்பான நடை, கடும் உழைப்பு—இவற்றை எதிரியும் மறுத்ததில்லை.

அந்த நூலிலே ஒரு கொள்கை: முன்குறித்தல். உலகம் தோன்றுவதற்கு முன்பே, இன்னார் மீட்புக்கு, இன்னார் அழிவுக்கு என்று கடவுள் முடிவு செய்துவிட்டார். ஒருவன் நல்லவனாக வாழ்வான் என்று முன்கூட்டிக் கண்டு அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை; தேர்ந்தெடுத்ததால்தான் அவனுக்கு நம்பிக்கையே பிறக்கிறது. தேர்வுக்குக் காரணம்? கடவுளின் விருப்பம். அந்த விருப்பத்துக்குக் காரணம்? அங்கே கதவு சாத்தப்படுகிறது. குயவனைப் பார்த்துக் களிமண் கேள்வி கேட்கலாமோ?

இது கால்வின் புதிதாகப் புனைந்ததன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அகஸ்டின் கூறியிருந்தார். லூத்தரும் மனிதச் சித்தம் அடிமைப்பட்டது என்றே எழுதினார். ஆனால், மற்றவர்கள் மெல்லிய குரலிலே கூறியதைக் கால்வின் மேடையேற்றினார். இந்தத் தீர்ப்பு அச்சந்தரக்கூடியதுதான் என்று அவரே தம் நூலிலே ஒப்புக்கொண்டும் இருக்கிறார். அஞ்சினார், ஆயினும் அகலவில்லை!

சிக்கல் எங்கே பிறந்தது? பைபிளிலேயே பிறந்தது. தீயவன் சாவதிலே தமக்கு மகிழ்ச்சி இல்லை, அவன் திருந்தி வாழ்வதே தம் விருப்பம் என்று கடவுள் கூறுவதாக எசேக்கியல் ஆகமத்திலே காண்கிறோம். எல்லா மனிதரும் மீட்படையக் கடவுள் விரும்புகிறார் என்ற பொருளிலே தீமோத்தேயுவுக்கு எழுதிய மடல் பேசுகிறது. எல்லாரையும் விரும்புகிறவர், சிலரை மட்டும் தேர்ந்தெடுத்தது எப்படி?

கால்வின் விடை தந்தார். 'எல்லா மனிதரும்' என்றால் ஒவ்வொருவரும் என்று பொருளன்று. மன்னர் முதல் மக்கள் வரை எல்லாத் தரத்தாரும் என்று பொருள், என்றார். எசேக்கியலுக்கு வேறு விளக்கம்: கடவுளின் விருப்பம் ஒன்றே, ஆனால் நம் குறுகிய அறிவுக்கு அது இரண்டாகத் தோன்றுகிறது, என்றார். பின்வந்தோர் அதைப் பிரித்துப் பெயரிட்டனர். ஒன்று வெளிப்பட்ட விருப்பம். எல்லோரும் திருந்துக என்னும் கட்டளை. மற்றொன்று மறைந்த விருப்பம். யார் திருந்துவர் என்பதை உறுதி செய்துவிட்ட தீர்மானம்.

ஓர் உவமை கூறுவோம். ஊர் முழுதும் முரசறைந்து, 'அனைவரும் விருந்துக்கு வாரீர்!' என்று அரசன் அழைக்கிறான். அதே அரசன் வாயிற்காவலனிடம் ஒரு பட்டியலையும் கொடுத்திருக்கிறான்: 'இந்தப் பெயர்களுக்கு மட்டும் கதவைத் திற.' முரசின் ஓசை ஒரு மனம். பட்டியலின் மௌனம் மற்றொரு மனம். இரு மனம் கொண்டவனை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்?

கால்வினியரின் மறுமொழியையும் கேட்போம். 'வர விரும்பிய எவரையும் அரசன் தடுக்கவில்லை. ஊரார் அனைவருமே தம் தீய குணத்தால் விருந்தை வெறுத்தவர்கள். அவர்களிலே சிலர் உள்ளத்தை மாற்றி அழைத்து வந்தது அரசனின் கருணை. மற்றவர்க்கு அநீதி இழைக்கப்படவில்லை. அவர்கள் கேட்டதே அவர்களுக்குக் கிடைத்தது.' திறமையான வாதம்தான். ஆனால், உள்ளத்தை மாற்றும் ஆற்றல் உள்ள அரசன், ஒருவன் உள்ளத்தை மாற்றிப் பக்கத்து வீட்டுக்காரன் உள்ளத்தை விட்டுவிட்டது ஏன்? சுற்றிச் சுழன்று தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது கேள்வி.

இந்தக் கொள்கையை மக்கள் ஏற்றது ஏன் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பிரான்சிலே தீக்கிரையாகாமல் தப்பி ஜெனீவாவிலே தஞ்சம் புகுந்தவர்கள் பலர். மன்னன் துரத்தலாம், மாளிகை பறிபோகலாம். ஆனால் என் பெயர் எவனும் அழிக்கமுடியாத ஏட்டிலே எழுதப்பட்டிருக்கிறது என்ற எண்ணம், ஏதிலிக்கு ஊன்றுகோல். விதி என்றதும் வீட்டுத் திண்ணையிலே படுத்துறங்கும் கூட்டத்தை நினைத்துவிடவேண்டாம். ஸ்பெயின் பேரரசை எதிர்த்து நின்ற ஹாலந்துக்காரரிலும், இங்கிலாந்து மன்னனின் தலையை வாங்கிய பியூரிட்டன்களிலும் கால்வினியர் பலர் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டோமா என்ற ஐயமே, தொழிலிலே ஓயாது உழைத்து அதன் அடையாளத்தைத் தேடும்படி அவர்களைத் துரத்தியது என்று ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வேபர் 1904, 1905 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் வாதிட்டார். ஊன்றுகோல் சிலருக்கு, உள்ளத்திலே முள் பலருக்கு. அந்த முள்ளின் கதையைப் பின்னர்க் காண்போம்.

கேட்டவனுக்குக் காவல்

1551-ஆம் ஆண்டு அக்டோபர் 16, வெள்ளிக்கிழமை. ஜெனீவாவிலே பாதிரிமார் கூடி பைபிள் ஆராயும் அவை. ஜெரோம் போல்செக் எழுந்தார். முன்பு துறவியாக இருந்து, அந்த மடத்தை விட்டு வெளியேறி, மருத்துவத் தொழில் செய்தவர். முன்குறித்தல் கொள்கை கடவுளைப் பாவத்துக்குக் காரணராக்குகிறது, கொடுங்கோலராக்குகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். தாமதமாக வந்த கால்வின், கூட்டத்தின் ஓரத்திலே இருந்து கேட்டார். பின்னர் எழுந்து நெடுநேரம் மறுத்துப் பேசினார்.

அது வரை சரி. சொல்லுக்குச் சொல், வாதத்துக்கு எதிர்வாதம். ஆனால் கூட்டம் கலைந்தபோது போல்செக் வீடு திரும்பவில்லை. காவல் அதிகாரி அவரைக் கைது செய்தார்! பெர்ன், பாசல், சூரிச் நகரத் திருச்சபைகளின் கருத்தை ஜெனீவா கேட்டது. எதிர்பார்த்த முழு ஆதரவு வரவில்லை. மென்மையாக நடந்துகொள்ளுங்கள் என்ற குரலும் வந்தது. எனினும் டிசம்பரிலே தீர்ப்பு: போல்செக் நகரை விட்டு வெளியேறவேண்டும். அடுத்த ஆண்டு கால்வின் முன்குறித்தலைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். நூலுக்கு முன்னே வந்தது நாடுகடத்தல்!

போல்செக்கை உத்தமர் என்று நாம் உயர்த்தவில்லை. பின்னாளிலே பழைய மதத்துக்கே திரும்பி, 1577-இல் கால்வினைப் பற்றி அவதூறு நிறைந்த வரலாறு எழுதியவர் அவர். ஆனால் மனிதன் எத்தகையவன் என்பது வேறு; அவன் கேட்ட கேள்வி சரியா என்பது வேறு.

இரண்டாண்டு கழித்து, 1553 அக்டோபர் 27-இல், மைக்கேல் செர்வீட்டஸ் ஜெனீவாவுக்கு வெளியே உயிரோடு எரிக்கப்பட்டார். அவர்மீது சாட்டிய குற்றம் வேறு. திரியேகக் கோட்பாட்டையும் குழந்தை ஞானமுழுக்கையும் மறுத்தது. ஆனால் அந்த நெருப்பின் வெளிச்சத்திலே ஒரு நல்ல முகம் தெரிந்தது. செபாஸ்டியன் காஸ்டெல்லியோ, ஒரு காலத்திலே ஜெனீவாவிலே பள்ளித் தலைவராக இருந்தவர். கால்வினோடு கருத்து மாறுபட்டு வெளியேறிப் பாசல் நகரிலே வறுமையோடு போராடியவர். மத வேறுபாட்டுக்காகத் தண்டிப்பது தகுமா என்று கேட்டு 1554-இல் புனைபெயரிலே நூல் வெளியிட்டார். ஆளைக் கொன்றால் கொலைதான் நடக்கும், கொள்கை வாழாது என்பது அவர் வாதம். முன்குறித்தலை மறுத்து அவர் எழுதிய உரையாடல்கள், 1563-இல் அவர் மறைந்த பின்னர், 1578-இல்தான் அச்சேறின. கடவுள் எல்லோரையும் காக்கவே விரும்புகிறார் என்பது அவர் துணிபு.

கால்வினுக்குப் பின் ஜெனீவாவின் தலைவரான தியோடர் பேசா, 1555-இலேயே முன்குறித்தலை ஒரு படமாக வரைந்துவிட்டார். உச்சியிலே கடவுளின் தீர்மானம். அதிலிருந்து இரு கிளை. ஒரு கிளை தேர்ந்தெடுக்கப்பட்டோர், மறு கிளை கைவிடப்பட்டோர். வம்சாவளிப் படம்போல, படிப்படியாக, ஒழுங்காக, மேலிருந்து கீழே. கோடுகள் நேராகவே இருந்தன. அந்தக் கோடுகளின் கீழே நின்ற மனிதர்களின் கண்ணீரைக் காட்டத்தான் படத்திலே இடமில்லை!

மாநாடும் மரண மேடையும்

பேசாவின் மாணவர்களிலே ஒருவர் ஜேக்கப் ஆர்மீனியஸ். ஹாலந்து நாட்டினர். 1575-இல் ஸ்பெயின் படை அவர் பிறந்த ஔடவாட்டர் ஊரைச் சூறையாடியபோது தாயையும் உடன்பிறந்தாரையும் பறிகொடுத்தவர். ஜெனீவாவிலே பயின்று, ஆம்ஸ்டர்டாமிலே போதகராகி, 1603-இல் லேடன் பல்கலைக் கழகத்திலே பேராசிரியரானார். அங்கே சக பேராசிரியர் கோமாரஸ் என்பவரோடு மோதல் மூண்டது. நம்புவோரை மீட்பது என்பதே கடவுளின் தீர்மானம். யார் நம்புவார் என்று முன்னறிந்தே தேர்ந்தெடுக்கிறார் என்றார் ஆர்மீனியஸ். கடவுளின் விருப்பம் மனிதன் கையிலா, என்று சீறினார் கோமாரஸ்.

1609-இல் ஆர்மீனியஸ் மறைந்தார், வழக்கு மறையவில்லை. மறு ஆண்டு அவர் வழிநின்ற போதகர்கள் ஐந்து கூறுகள் கொண்ட விண்ணப்பத்தை ஹாலந்து அவையிடம் தந்தனர். கிறித்து எல்லோருக்காகவும் மரித்தார். கடவுளின் அருளை மனிதன் மறுத்துத் தள்ளவும் முடியும். இவை அதன் உயிர்நாடி. மனிதன் தன் முயற்சியால் மட்டுமே கடைத்தேறலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அருள் வேண்டும் என்றே சொன்னார்கள். ஆனாலும் போதவில்லை.

இங்கே அரசியல் புகுகிறது. ஓல்டன்பார்னவெல்ட் முப்பதாண்டுக்கு மேலாக ஹாலந்து மாநிலத்தின் தலைமைச் செயல்வீரர். 1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உருவாகப் பாடுபட்டவர். அந்தக் கம்பெனிதான் 1658-இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தது. ஸ்பெயினோடு 1609-இல் பன்னிரண்டாண்டுப் போர்நிறுத்தம் கண்டவரும் அவரே. விண்ணப்பம் தந்தோரை அடக்கவேண்டாம், இரு தரப்பும் ஒரே சபையிலே வாழட்டும் என்றார். படைத்தலைவர் மோரிஸ் இளவரசருக்குப் போர்நிறுத்தம் பிடிக்கவில்லை. 1617-இல் எதிரணியோடு வெளிப்படையாகச் சேர்ந்தார். மாநிலத்தின் உரிமை பெரிதா, ஒன்றியத்தின் உரிமை பெரிதா என்ற பூசல், மேலுலகத் தேர்வுப் பூசலோடு பின்னிப் பிணைந்தது. 1618 ஆகஸ்டிலே ஓல்டன்பார்னவெல்ட் சிறைப்பட்டார். அவருடைய நண்பர், சட்டமேதை ஹியூகோ குரோஷியசும் சிறைப்பட்டார்.

அந்தச் சூழ்நிலையிலே, 1618 நவம்பர் 13-இல், டோர்ட் நகரிலே மாநாடு கூடியது. இங்கிலாந்து, ஜெர்மன் நாடுகள், சுவிட்சர்லாந்து ஆகியவற்றிலிருந்து பேராளர்கள் வந்தனர். பிரெஞ்சு மன்னன் தன் நாட்டாரைத் தடுத்துவிட்டதால் அவர்களது இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. விண்ணப்பம் தந்த அணியினர் பேராளராக அழைக்கப்படவில்லை, குற்றவாளிகளாக அழைக்கப்பட்டனர்! விசாரணை முறையைப் பற்றியே தகராறு முற்ற, 1619 ஜனவரி 14-இல் தலைவர் போகர்மன் அவர்களைச் சினத்தோடு வெளியேற்றினார். அவர்கள் இல்லாமலே அவர்கள் கருத்து ஆராயப்பட்டது, கண்டிக்கப்பட்டது.

மாநாட்டின் முடிவு என்ன? கிறித்துவின் மரணம் உலகம் முழுதுக்கும் போதுமான மதிப்புடையது; ஆனால் பயன் தேர்ந்தெடுக்கப்பட்டோர்க்கு மட்டுமே. நற்செய்தியால் அழைக்கப்படும் ஒவ்வொருவரும் உண்மையாகவே அழைக்கப்படுகின்றனர். ஆனால் அந்த அழைப்பை ஏற்கும் உள்ளம் சிலருக்கு மட்டுமே அளிக்கப்படுகிறது. முரசும் உண்மை, பட்டியலும் உண்மை என்று கையொப்பமிட்டனர். கேள்வி தீரவில்லை; தீர்மானம் நிறைவேறியது!

1619 மே 9-இல் வெளிநாட்டுப் பேராளர்களுக்கு விடை கொடுத்தனர். மே 13-இல், ஹேக் நகரிலே, எழுபத்தொரு வயதுக் கிழவர் ஓல்டன்பார்னவெல்ட் தலை வெட்டப்பட்டு மாண்டார். சாட்டிய குற்றம் அரசியல் குற்றம்தான். மாநாடு அவர் தலையைக் கேட்கவில்லை. ஆனால் மேடையிலே கோட்பாடும் பின்னணியிலே கொலைவாளும் ஒரே மாதத்திலே நின்றதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. சுமார் 200 போதகர்கள் பதவி இழந்தனர். பணிய மறுத்தோர் நாடு துறந்தனர். 1625-இல் மோரிஸ் மறைந்த பின்னரே கெடுபிடி தளர்ந்தது.

குரோஷியசுக்கு ஆயுள் தண்டனை. லூவஸ்டைன் கோட்டையிலே அடைத்தனர். படிப்பதற்கு நூல்கள் பெட்டியிலே வந்து போகும். தொடக்கத்திலே பெட்டியைத் துருவிப் பார்த்த காவலர், நாளடைவிலே சலித்துப்போயினர். கணவனைவிடக் கூர்மதி படைத்த மனைவி மரியா அதைக் கவனித்தாள். 1621 மார்ச் 22-இல் பெட்டி வெளியே சென்றது. உள்ளே நூல்கள் இல்லை, நூலாசிரியர் இருந்தார்! பணிப்பெண் எல்சியா துணிவோடு பெட்டியுடன் சென்றாள். கொத்தனார் வேடத்திலே எல்லை கடந்து பாரிஸ் சேர்ந்த அவர், 1625-இல் போர், அமைதி ஆகியவற்றின் சட்டத்தைப் பற்றிப் பெருநூல் எழுதினார். அதிலே ஒரு கருத்து நம்மைக் கவருகிறது: கடவுள் இல்லை என்று வைத்துக்கொண்டாலும்—அப்படி வைத்துக்கொள்வது பெரும் பாவம் என்று அவர் சேர்த்துச் சொன்னார்—நீதியின் விதிகள் நிலைத்தே நிற்கும். விருப்பத்தால் நீதி பிறக்கவில்லை. நீதி தன் காலிலே நிற்கிறது. சிறையிலிருந்து தப்பிய பெட்டி சுமந்து வந்த செல்வம் இது!

தந்தை கட்டினார், தனயன் இடித்தார்

டோர்ட் மாநாட்டிலே வெறுமையாகக் கிடந்த பிரெஞ்சு இருக்கைகளை நினைவிற் கொள்வோம். அந்த நாட்டின் சோமூர் நகரிலே, மொய்ஸ் அமிரோ என்ற பேராசிரியர் 1634-இல் சமரசம் ஒன்றை முன்வைத்தார். எல்லோரும் மீட்படையவேண்டும் என்று கடவுள் உண்மையாகவே விரும்புகிறார். ஆனால், நம்பினால் என்ற நிபந்தனையோடு. எவரும் தாமாக நம்பமாட்டார் என்பதால், சிலருக்கு மட்டும் நம்பிக்கையைத் தருகிறார். 1637-இல் விசாரித்த சபை அவரைத் தண்டிக்கவில்லை. சொற்களிலே எச்சரிக்கையாக இரு என்று அனுப்பியது.

சுவிட்சர்லாந்துக்கு அந்த நிபந்தனை விருப்பமும் பொறுக்கவில்லை. 1675-இல் சோமூர்க் கருத்துக்கு எதிராகவே ஓர் உறுதிமொழி தயாரித்தனர். போதகராக விரும்புவோர் அதிலே கையெழுத்திடவேண்டும். அதற்கு முன்னின்று உழைத்தவர்களிலே ஒருவர் ஜெனீவாப் பேராசிரியர் பிரான்சுவா துரத்தீனி. முப்பத்தோராண்டு கழித்து, 1706-இல், அந்தக் கட்டாயக் கையெழுத்தை ஜெனீவா கைவிட்டது. அதற்கு முன்னின்று உழைத்தவர் யார்? ஜான் அல்போன்ஸ் துரத்தீனி. பிரான்சுவாவின் மகன்! மாறாதது என்று தந்தை கட்டிய மதிலை, மகனே இடித்தான். ஒரு தலைமுறைகூடத் தாங்காத கட்டடத்துக்கு, உலகம் தோன்றுமுன் போடப்பட்ட அடித்தளமாம்!

இங்கிலாந்திலே வேறு விதமான விளைவு. நம்பும் ஆற்றல் இல்லாதவனை நம்பு என்று அழைப்பது பொருந்தாது; ஆகவே போதகன் எல்லோரையும் அழைக்கக்கூடாது என்ற அளவுக்குச் சில பாப்டிஸ்டுச் சபைகள் சென்றன. தருக்கத்தை விடாமல் பின்பற்றினால் அங்குதானே போய் நிற்கும்! முரசையே உடைத்துவிட்டனர். ஆண்ட்ரு புல்லர் 1785-இல் நூல் எழுதி அதை எதிர்த்தார். எல்லோரையும் அழைப்பதே கடமை என்றார். அந்தக் கருத்திலே ஊறிய செருப்புத் தைக்கும் தொழிலாளி வில்லியம் கேரி, 1793-இல் வங்காளம் வந்தார். மதம் பரப்பவே வந்தார். அதிலே நமக்கு மயக்கமில்லை. ஆனால் செராம்பூரிலே அவரும் தோழர்களும் நிறுவிய அச்சகமும் கல்லூரியும், 1829-இல் சட்டத்தால் தடுக்கப்பட்ட உடன்கட்டைக் கொடுமைக்கு எதிராக அவர் எழுப்பிய குரலும் இந்திய வரலாற்றின் பகுதி.

ஆறு பேர்

முள்ளின் கதை என்றோமே, அது ஸ்காட்லாந்திலே. ரோ என்னும் கடலோரச் சிற்றூருக்கு 1825-இல் போதகராக வந்தார் ஜான் மக்லியோட் காம்ப்பெல். வயது இருபத்தைந்து. வீடு வீடாகச் சென்றார். கண்டது என்ன? நல்லவர்கள், உழைப்பாளிகள், தவறாமல் கோயிலுக்கு வருபவர்கள், ஆனால் உள்ளத்திலே அமைதி இல்லாதவர்கள். கடவுள் என்னை விரும்புகிறாரா? என் பெயர் பட்டியலிலே உண்டா? இல்லை என்றால் என் தொழுகை எதற்கு? இந்த அச்சம் அவர்களை அரித்துக்கொண்டிருந்தது. தன்னைத் தேர்ந்தெடுத்தாரா என்று தெரியாத கடவுளை ஒருவன் எப்படி அன்பு செய்வான்? அஞ்சத்தான் செய்வான்.

இளம் போதகர் கூறினார்: கடவுள் உங்களில் ஒவ்வொருவரையும் விரும்புகிறார், கிறித்து ஒவ்வொருவருக்காகவும் மரித்தார், ஐயம் வேண்டாம். குடியானவர் முகம் மலர்ந்தது. சபையின் முகம் கடுத்தது. 1646-இல் வெஸ்ட்மின்ஸ்டரிலே வகுத்த விசுவாச அறிக்கைக்கு மாறானது என்று வழக்கு. 1831 மே மாதம், எடின்பரோவிலே பொதுப் பேரவை. நீண்ட விவாதம், இரவு முழுதும் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் தந்தையும் ஒரு போதகர்; பேரவையின் உறுப்பினர். எழுந்தார் அந்தக் கிழவர். உங்கள் தீர்ப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் மாசற்ற மகனைப் பெற்றதற்காக ஒருநாளும் வெட்கப்படமாட்டேன் என்ற பொருள்படப் பேசினார். வாக்கெடுத்தனர். பதவி பறிக்க 119 பேர். வேண்டாம் என்றோர் 6 பேர்.

காம்ப்பெல் கலகம் விளைவிக்கவில்லை, வசை பாடவில்லை. கிளாஸ்கோவிலே தம்மை நாடி வந்தோர்க்குப் போதித்தார், சிந்தித்தார், 1856-இல் தம் கருத்தை விளக்கும் நூலை வெளியிட்டார். 1868-இல் கிளாஸ்கோ பல்கலைக் கழகம் அவருக்கு இறையியல் டாக்டர் பட்டம் அளித்தது. 1872-இல் மறைந்தார். ஏழாண்டு கழித்து, 1879-இல், அந்நாட்டின் ஐக்கியப் பிரெஸ்பிட்டீரியன் சபை, கடவுளின் அன்பு மனித குலம் முழுவதற்கும் உரியது என்று சட்டமாகவே அறிவித்தது. 1892-இல் சுதந்திரத் திருச்சபையும் அதே வழியிலே விளக்கச் சட்டம் செய்தது. பொறுக்காத ஒரு பிரிவு 1893-இல் பிரிந்து சென்றது. ஆனால், அந்த ஆறு பேரின் கட்சிக்குத்தான் காலம் வாக்களித்தது!

வழக்கு முடிந்துவிட்டதா? இல்லை. 1924-இல் அமெரிக்காவிலே, ஹாலந்து மரபினரின் சபை, நற்செய்தி எல்லோருக்கும் நல்லெண்ணத்தோடே வழங்கப்படுகிறது என்று தீர்மானித்தது. ஹெர்மன் ஹூக்சிமா என்ற போதகர் அதை மறுத்துத் தனிச்சபை கண்டார். 1948-இல் ஜான் மர்ரே என்ற பேராசிரியர், மற்றொரு சபைக்காக எழுதிய அறிக்கையிலே, தாம் மீட்பதாகத் தீர்மானிக்காதவர்களும் மீட்படையவேண்டும் என்ற ஆவல் கடவுளுக்கு உண்டு என்று வாதிட்டார். தாம் தீர்மானிக்காததைத் தாமே ஆசைப்படும் கடவுள்! நானூறாண்டு நடந்தும், இரு மனம் இரு மனமாகவே இருக்கிறது.

திருத்தியது யார்?

இந்த வரலாற்றிலே நாம் காண்பது என்ன? நூல் மாறவில்லை. எசேக்கியல் அப்படியே இருந்தது. ரோமருக்கு எழுதிய மடலும் அப்படியே இருந்தது. வானத்திலிருந்து புதிய அறிவிப்பு எதுவும் வரவில்லை. பின் எது மாறியது? மனிதன் மாறினான். பக்கத்து வீட்டுக்காரனின் அச்சத்தைக் கண்டு பொறுக்கமாட்டாத ஓர் இளைஞனின் இரக்கம் மாறச் செய்தது. எரியும் மனிதனைக் கண்டு எழுதுகோல் ஏந்திய ஆசிரியனின் மனச்சான்று மாறச் செய்தது. தம்மைவிட இரக்கம் குறைந்தவராகத் தம் கடவுள் இருக்கக் கண்டு, நாணி, அவரைத் திருத்தினர் நல்லவர்கள். கடவுள் மனிதனுக்கு அறம் கற்பித்தார் என்பர். கால்வினியத்தின் ஏட்டிலே நாம் படிப்பதோ, மனிதன் கடவுளுக்கு அறம் கற்பித்த கதை!

மற்றொன்றும் காண்கிறோம். கொள்கையின் உரைகல் அதன் நூல்களிலே இல்லை. கேள்வி கேட்டவனை அது நடத்திய முறையிலே இருக்கிறது. விடை தெரிந்தவன் விளக்குவான். தெரியாதவன் விலங்கு பூட்டுவான். போல்செக்கைக் கைது செய்த நாளிலேயே, தன் விடை போதாது என்று ஜெனீவா ஒப்புக்கொண்டுவிட்டது. டோர்ட் நகரிலே எதிரணியை வெளியேற்றிக் கதவைச் சாத்தியபோது, உள்ளே இருந்தது வெற்றி அன்று, அச்சம். மதத்துக்கு மட்டும் உரிய உரைகல் அன்று இது. அரசானாலும், அவையானாலும், அறிவின் பேராலே கூடும் அணியானாலும், கேட்பவனுக்கு இடமில்லாத இடத்திலே உண்மைக்கும் இடமில்லை.

119 கைகள் உயர்ந்த அவையிலே, உயராமல் நின்றவை ஆறு. அந்த ஆறு பேரிலே ஒருவராக இருக்கும் துணிவு, நமக்கு வேண்டும்!